22 வருஷக் கிரைண்டர்: மோட்டாரைக் குறை சொல்லும் முன் மீட்டர் பக்கம் போய்ப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் 2003-ல் அயித்தை வாங்கியது. அரை எச்.பி. மோட்டார், பெல்ட்டில் ஓடுவது. கொஞ்ச நாளாக சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டு நிற்கிறது. டிரம்மைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடுகிறது. முன்பு 35 நிமிஷத்தில் ஆட்டிய அரிசிக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. உளுந்து கெட்டிப்படும்போது 'கிரீச்' என்று சத்தம், ஒரு தடவை ரப்பர் கருகிய வாசனை. மாவில் சாம்பல் நிறத்தில் கோடு ஓடுகிறது. ஈரக் கையோடு தொட்டால் லேசாக 'சுள்'ளென்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு மோட்டார் போய்விட்டது, உள்ளே கம்பியை மறுபடி சுற்றும் ரீவைண்டிங்குக்கு 3,200 ரூபாய் என்றார். கடைக்காரர் பழையதை 1,000-க்கு எடுத்துக்கொண்டு 6,500-க்கு 2 லிட்டர் டேபிள்டாப் தருகிறேன் என்கிறார். இதே மாதிரி டில்டிங் புதிதாக வாங்கினால் 18,000 ஆகுமாம். சென்னையில் இருக்கும் மகன் தூக்கிப் போடச் சொல்கிறான். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டே பேர். பிள்ளையார் நோன்பு, பொங்கல், விசேஷம் என்றால் 20 பேர் வந்துவிடுவார்கள். வீடு பழைய வீடு, தெருவுக்குத் தெரு பல கட்டுகளாக நீளுவது. மீட்டர் முகப்பில், அடுப்படி கடைசிக் கட்டில். அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டர் ஒன்று பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?
(தேவகோட்டை வாசகி)

பதில்: வணக்கம் ஆச்சி. வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பதைப் பிறகு பார்ப்போம். இதைப் படித்த கையோடு கிரைண்டர் ப்ளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஷாக் அடிக்கிற காரணம் தெரிகிற வரை ஒரு பிடி அரிசிகூட அதில் ஆட்ட வேண்டாம். செருப்புப் போட்டுக்கொண்டு, உலர்ந்த விரலால் தொடும்போது 'சுள்'ளென்பதோடு நின்றுவிடும். அதே மின்சாரம், மாவுக் கையோடு, தண்ணீர் சிந்திய ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் உடம்பில் பாய்ந்தால் ஆளைக் கொல்லும். லேசான ஷாக், பலமான ஷாக் என்று இதில் இரண்டு வகை கிடையாது.

ஷாக் வருகிறது என்றால் இரண்டு குறை ஒரே நேரத்தில் இருக்கிறது என்று பொருள். ஒன்று, கிரைண்டருக்குள் எங்கோ மின்சாரம் அதன் வெளி உடம்புக்குக் கசிகிறது. இன்னொன்று, கசிந்ததை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் வேலை செய்யவில்லை. எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு இருந்தாலும் உங்கள் கைக்குத் தெரிந்திருக்காது.

டில்டிங் கிரைண்டரில் கசிவு வரும் இடம் பெரும்பாலும் மோட்டார் இல்லை. டிரம்மைச் சாய்க்கிற கீலுக்குப் பக்கத்தில் ஒயர் போகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 22 வருஷமாக மடங்கி நிமிர்ந்த ஒயரின் மேல்தோல் அங்கேதான் வெடித்திருக்கும். அடுத்தது சுவிட்ச். மாவுக் கையோடு போட்டு அணைத்ததில் உள்ளே மாவு போய்க் காய்ந்து, ஈரம் பட்டால் அதுவே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். இரண்டையும் மாற்றிய பிறகும் கசிந்தால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். அதை 'மெகர்' என்ற கருவியால் 500 வோல்ட்டில் அளந்து பார்ப்பார்கள். காயிலுக்கும் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச் சுருள்) மோட்டார் உடம்புக்கும் இடையில் 2 மெகா ஓம்முக்கு மேல் காட்டினால் கவலை இல்லை. 1-க்குக் கீழே போனால் மோட்டாரைத் திறந்து, காய வைத்து, மறுபடி அளக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மோட்டார் காய்ந்ததும் சரியாகிவிடுவது உண்டு. மெகர் வைத்து அளக்காமல், முகர்ந்து பார்த்தே 'மோட்டார் போச்சு' என்று சொல்பவரிடம் 3,200 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

எர்த்துக்கு எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, அடுப்படி ப்ளக்கில் பேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பும் கம்பி) நடுவே எரிகிற அதே பிரகாசத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ எர்த் சரியில்லை. (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்ட வீட்டில் இந்தச் சோதனையில் அது விழுந்துவிடும். அது நல்ல அடையாளம்தான்.) நம் பக்கத்துச் செம்மண், சரளை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். கரியும் உப்பும் போட்டு மூடிய பழைய குழி என்றால் வெயில் மாதங்களில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: எர்த் கம்பி இல்லாத வீடுகளில் ப்ளக் பாயின்ட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஷாக் நின்றுவிடும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கிரைண்டர் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படி ஒரு துண்டு ஒயர் இருந்தால் அன்றே பிடுங்கச் சொல்லுங்கள். கையோடு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். கிரைண்டரை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் இந்தச் செலவு உங்களுக்கு உண்டு.

இனி முனகல்.

கையால் தள்ளினால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி மோட்டாருக்கு ஆதரவான சாட்சி. வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்குள் இரண்டு காயில் உண்டு. ஓடவைக்கிற காயில் ஒன்று, கிளப்பிவிடுகிற காயில் ஒன்று. முதல் காயில் மட்டும் இருந்தால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் நின்ற இடத்தில் முனகும். நீங்கள் ஒரு தள்ளு கொடுத்ததும் அந்தத் திசையில் ஓடும். ஆக, ஓடவைக்கிற காயில் உயிரோடு இருக்கிறது. கிளப்பிவிடுகிற பக்கம்தான் கோளாறு. அந்தப் பக்கத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள்: கெப்பாசிட்டர், மோட்டாரின் பின்மூடிக்குள் இருந்து, வேகம் பிடித்ததும் கிளப்பிவிடுகிற காயிலைத் துண்டிக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச், கிளப்பிவிடுகிற அந்த ஸ்டார்ட்டிங் காயில். இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும். பழுதாகிற வாய்ப்பும் இந்த வரிசையில்தான் குறைகிறது, செலவு இந்த வரிசையில்தான் கூடுகிறது.

கெப்பாசிட்டர் என்பது மோட்டார் மேலோ பக்கத்திலோ இருக்கும் உருளை. அதன் மேல் மைக்ரோ ஃபாரட் அளவும் வோல்ட்டும் அச்சிட்டிருக்கும். கெப்பாசிட்டர் அளக்கும் மீட்டரில் அளந்து, அச்சிட்ட அளவுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். விலை இருநூறு முந்நூறுக்குள் முடியும். மாற்றும்போது அதே அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல். 'பெரிசாப் போட்டா நல்லா இழுக்கும்' என்று சொல்லி அளவைக் கூட்டிப் போடுவார்கள். விடாதீர்கள், ஸ்டார்ட்டிங் காயில் சூடேறிக் கருகும். கழற்றுகிறவர், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, அதன் இரண்டு முனையையும் ஒரு பல்பு வழியாகச் சேர்த்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் இருக்கும் மோட்டாரை அணைத்து, வேகம் குறைகிறபோது காது கொடுத்துக் கேட்டால் 'டிக்' என்று ஒரு ஒலி வரும். அந்த ஒலி வரவில்லை என்றால் சுவிட்ச் மாவுத்தூசியிலும் துருவிலும் சிக்கி நிற்கிறது. எமரித் தாளால் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பல நேரம் போதும். தேய்ந்திருந்தால் சுவிட்ச் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

மோட்டார் நின்று முனகுகிற நேரத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து மடங்கு மின்சாரம் இழுக்கும். நீங்கள் சுவிட்சைப் போட்டுவிட்டு டிரம்மைத் தள்ளப் போகிற அந்தப் பத்துப் பதினைந்து விநாடியில் காயில் கொதிக்கிறது. நல்ல மோட்டாரை ரீவைண்டிங் வரைக்கும் கொண்டுபோவது இந்தப் பழக்கம்தான். விரலும் மாட்டிக்கொள்ளும். ஒருக்காலும் இனி அப்படி ஓட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மெக்கானிக் கேட்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது: மீட்டர் முகப்பில், அடுப்படி கடைசிக் கட்டில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில், ஒயர் சுவரேறி வளைந்து அடுப்படிக்கு வர 50 மீட்டர் ஆகிவிடும். பழைய அலுமினிய ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக 50, வர 50, மொத்தம் 100 மீட்டருக்குத் தடை ஏறத்தாழ 1.9 ஓம். அரை எச்.பி. மோட்டார் கிளம்பும்போது 18 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 34 வோல்ட் தொலைந்துவிடும். முகப்பில் 220 இருந்தால் அடுப்படியில் 186. மோட்டாரின் கிளம்பும் பலம் வோல்ட்டின் இருமடிக் கணக்கில் குறையும். 230-க்குச் செய்த மோட்டார் 186-ல் கிளம்பினால் அதன் பலம் மூன்றில் இரண்டு பங்குதான். புதுசாக இருந்தபோது அந்தப் பலமே போதுமாக இருந்தது. கெப்பாசிட்டர் கொஞ்சம் இளைத்து, தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் கொஞ்சம் இறுகியதும் போதாமல் போகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். மேலே சொன்ன ஷாக் வேலை முடிந்த பிறகு கிரைண்டரை முகப்புக்குத் தள்ளிக்கொண்டு போய், மீட்டருக்குப் பக்கத்து 15 ஆம்பியர் ப்ளக்கில், டிரம்மில் ஒன்றும் போடாமல், கல்லைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அங்கே சட்டென்று கிளம்பி, அடுப்படியில் முனகினால் கோளாறு ஒயரில். இரண்டு இடத்திலும் முனகினால் மோட்டார் பக்கம் வாருங்கள். ஒயர்தான் என்று தெரிந்தால் மெயினிலிருந்து அடுப்படிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன் இழுத்துவிடுங்கள். அதே 18 ஆம்பியருக்கு 8 வோல்ட் அளவுதான் குறையும். இது ஒன்றும் சின்னச் செலவில்லை. ஆனால் பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு 18,000 ரூபாய்க்குப் புது டில்டிங் வாங்கி வைத்தாலும் நாலு வருஷத்தில் அதுவும் முனகும். ஃப்ரிட்ஜும் மோட்டார்தான்; அதற்கும் இந்த லைன் நல்லது.

'கிரீச்' சத்தமும் ரப்பர் வாசனையும் பெல்ட். காயில் கருகினால் வருவது வேறு வாசனை. வார்னிஷ் எரிந்த நெடி, மூக்கைக் குத்தும், அரை நாள் அடுப்படியை விட்டுப் போகாது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே போனால் தொய்வு. மோட்டாரின் நான்கு போல்ட்டையும் தளர்த்திப் பின்னால் இழுத்து முறுக்கலாம். பெல்ட்டின் பக்கவாட்டுத் தோல் கண்ணாடி மாதிரி மினுமினுத்தாலோ, மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரிந்தாலோ மாற்றத்தான் வேண்டும். எண் பெல்ட்டின் முதுகிலேயே இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். புது பெல்ட், அது ஓடும் சக்கரமான புல்லியின் விளிம்புக்குச் சமமாக உட்கார வேண்டும். பள்ளத்துக்குள் அமிழ்ந்து அடியைத் தொட்டால் புல்லி தேய்ந்துவிட்டது. எத்தனை பெல்ட் மாற்றினாலும் வழுக்கும். இறுக்கிக் கட்டினால் நல்லது என்று நினைக்க வேண்டாம், பேரிங் போய்விடும்.

சாம்பல் கோட்டுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். டிரம்மைக் கழுவித் துடைத்து, ஒரு ஆழாக்கு ஊறிய பச்சரிசியும் தண்ணீரும் போட்டுப் பத்து நிமிஷம் ஓட்டி, கோடு விழுந்த இடத்து மாவைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். வழவழவென்று எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் நடுத்தண்டில் கிரீஸைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கிழிந்து கிரீஸ் ஏறுகிறது. நறநறவென்றால் கல் உதிர்கிறது. இரண்டும் இல்லாமல் விரல் ரேகையில் பென்சில் தேய்த்த மாதிரி கறை நின்றால் இரும்பு. உருளைக் கல்லின் துளைக்குள் இருக்கும் நைலான் உறையான புஷ் தேய்ந்து, தண்டும் கல்லும் நேராக உரசுகின்றன. சீலும் புஷ்ஷும் சின்னச் செலவு. ஆனால் சீல் கிழிந்து வெகுநாளாகி இருந்தால் தண்ணீர் கீழே இறங்கிப் பேரிங்கைத் துருவாக்கியிருக்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றினால் சத்தமில்லாமல் நாலு சுற்றாவது போய் நிற்க வேண்டும். கரகரவென்றால் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அதே எண், இரண்டு பக்கமும் மூடியது. அதுவரை கோடு விழுந்த மாவைத் தின்ன வேண்டாம், கோடு விழுந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டும் தின்ன வேண்டாம்.

35 நிமிஷ வேலை ஒரு மணி நேரமானதற்கு பெல்ட் பாதி, கல் பாதி. 22 வருஷம் ஆட்டிய கல் கொத்தியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அடிக்கல்லைக் காய வைத்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு வேண்டும். தரை மாதிரி வழுக்கினால் அரிசி கல்லுக்கு அடியில் நசுங்காமல் நழுவிக்கொண்டே இருக்கும், நேரம் ஆகும், மாவும் சூடாகும். சூடான உளுந்து மாவு பொங்காது. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு வெண்ணெயாக வந்தால்தானே எண்ணெயில் போட்டதும் ஓரம் சுருங்காமல் உப்பி எழும்பும்? பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து அளக்கிற அந்த அளவில் இம்மியும் பிசகாமல் போட்டும் பணியாரம் தட்டையாக வருகிறது என்றால் கல்லைப் பாருங்கள்.

அம்மி கொத்துகிறவர்களே கிரைண்டர் கல்லும் கொத்துவார்கள். உளி ஆழமாக இறங்கக் கூடாது. நெருக்கமான சின்னப் புள்ளிகள் போதும். அடிக்கல், உருளை இரண்டையும் கொத்த வேண்டும். கொத்துவதற்கு முன் அடிக்கல்லை விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் 'டொக் டொக்' என்று கூடான சத்தம் வந்தால் கல்லுக்கும் எவர்சில்வர் டிரம்முக்கும் நடுவே இருக்கும் பூச்சு விட்டுவிட்டது. அந்த இடுக்கில் மாவு தங்கிப் புளித்து, எத்தனை கழுவினாலும் நாறும். கல்லை எடுத்து மறுபடி பதிக்கச் செய்யலாம், ஆனால் எல்லா ஊரிலும் அந்த வேலை தெரிந்தவர் இல்லை. கொத்திய பிறகு உடனே மாவு ஆட்டாதீர்கள். தவிட்டையோ, மட்ட அரிசியையோ ஊறவைத்து இரண்டு மூன்று ஈடு ஆட்டிக் கொட்டி, கடைசி ஈட்டில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்துக் கரண்டிக் காம்பால் தேயுங்கள். கீறல் சத்தம் வராமல் இருந்தால் மணல் போய்விட்டது.

இப்போது கணக்கு. கெப்பாசிட்டர், பெல்ட், சீல், புஷ், பேரிங், புது மூன்று கம்பி ஒயர், சுவிட்ச், கல் கொத்துகிற கூலி, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்ந்து 2,500-லிருந்து 3,000 ரூபாய்க்குள் நிற்கும். மெகர் சோதனையில் தோற்று ரீவைண்டிங்கும் தேவை என்றால் இன்னொரு 3,200. கூடிப்போனால் 6,200. கடைக்காரர் 6,500 ரூபாய் டேபிள்டாப்பைக் காட்டி 'அதே காசுக்குப் புதுசு' என்பார். 5 லிட்டர் டில்டிங்குக்கு ஒப்பு 5 லிட்டர் டில்டிங்தான். 18,000-த்தோடு வைத்துப் பார்த்தால் நீங்கள் போடப் போவது ஆறில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. பாதியைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். இந்த இயந்திரத்தில் காசு இருப்பது கருங்கல்லிலும் டிரம்மிலும் சட்டத்திலும். அவை 22 வருஷத்தில் கெட்டுப்போகிற சாமான் இல்லை. என் முடிவு: பழுது பாருங்கள், விற்க வேண்டாம்.

கரண்ட் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதையும் கணக்குப் போட்டுவிடலாம். அரை எச்.பி. மோட்டார் 40 நிமிஷம் ஓடினால் 0.4 யூனிட். 150 வாட் டேபிள்டாப் அதே நேரத்துக்கு 0.1 யூனிட். வாரம் இரண்டு தடவை ஆட்டினால் வருஷத்துக்கு வித்தியாசம் 30 யூனிட்தான். 22 வருஷ ஃப்ரிட்ஜ் என்று நீங்கள் கேட்டிருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன். அது இரவு பகலாக ஓடுவது, மின்சிக்கனத்துக்கான நட்சத்திரக் குறியீடு வந்ததே 2006-ல்தான், கம்ப்ரஸர் போன பழைய ஃப்ரிட்ஜில் காசைக் கொட்டுவது வீண். கிரைண்டருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

ரீவைண்டிங் தேவைப்பட்டே தீர்ந்தால் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். அலுமினியம் மலிவு, அதே சுமைக்குச் சீக்கிரம் சூடாகும். பழைய காயிலை வெட்டும்போது கம்பியின் கேஜும் (தடிமன்) சுற்று எண்ணிக்கையும் குறித்து, அதே அளவில் சுற்ற வேண்டும். வார்னிஷில் முக்கிச் சூட்டில் காய வைத்தாரா என்பதையும் கேளுங்கள். மேலே தூரிகையால் தடவியது மட்டும் போதாது. வாங்கும்போது அங்கேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, உடம்பில் கை வைத்துப் பாருங்கள். கை தாங்க வேண்டும். ரீவைண்டிங்குக்குப் பதில் தனி மோட்டாராகவே வாங்குவதும் நல்ல யோசனைதான். பெயர்த்தகட்டில் நிமிஷத்துக்கு 1440 சுற்று என்று இருக்க வேண்டும். விலை குறைவென்று 2880 சுற்று மோட்டாரை மாட்டிவிட்டால் டிரம் இரட்டை வேகத்தில் சுற்றி, மாவு வெளியே தெறிக்கும், சூடாகும். தண்டின் தடிமனும் கால் துளைகளின் இடைவெளியும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று அளந்துகொண்டு போங்கள்.

எப்போது கைவிடலாம்? அடிக்கல்லில் விரிசல் ஓடியிருந்தால். சாய்க்கிற கீல் பக்கத்துச் சட்டம் துருவேறி, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போனால். மாவோடு சாயும்போது அது காலில் விழும். பேரிங் உட்காரும் வீடு தேய்ந்து, புது பேரிங் விரலாலேயே உள்ளே போய் வந்தால். இதில் ஒன்று இருந்தாலும் 1,000 ரூபாயை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் தினப்பாட்டுக்கு இரண்டு பேருக்காக இதை ஓட்ட வேண்டாம். 5 லிட்டர் டிரம்மில் ஒரு ஆழாக்கு உளுந்தைப் போட்டால் அது சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கல் கல்லையே தேய்க்கும். இதுகூட கல் வழுவழுப்பானதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக 6,500 கொடுத்துப் புது டேபிள்டாப் வாங்கவும் வேண்டாம். பரணில் இருப்பதை இறக்குங்கள். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்தது என்றால் பத்து வருஷத்துக்கு மேல் பெட்டிக்குள் இருந்திருக்கும். பிரித்தவுடன் ப்ளக்கில் மாட்டிவிடாதீர்கள். அடிமூடியைத் திறக்கச் சொல்லி, எலி ஒயரைக் கடித்திருக்கிறதா, பெல்ட் விறைத்து வெடித்திருக்கிறதா, நடுத்தண்டு சீல் கல்லாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் ஓடினாலும் கெடும், ஓடாமல் கிடந்தாலும் கெடும். நிழலில் ஒரு நாள் காற்றாட வைத்து, டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுக் கீழே ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். கசியவில்லை என்றால் ஓட்டலாம். கல் புதுசு, அதனால் இதற்கும் தவிடு ஆட்டிக் கொட்டுகிற வேலை உண்டு.

பெரியதை நோன்புக்கும் பொங்கலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் அப்படியே மூடி வைக்காமல் மாதம் ஒரு தடவையாவது இரண்டு படி அரிசி ஆட்டுங்கள், பேரிங்கும் சீலும் இறுகாமல் இருக்கும். கழுவியதும் டிரம்மைக் கவிழ்த்து வடித்து, துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே வையுங்கள். மெக்கானிக்கை மறுபடி கூப்பிடும்போது 'மோட்டாரைப் பாருங்க' என்று சொல்லாதீர்கள். 'ஷாக் எங்கே வருது, கெப்பாசிட்டர் எவ்வளவு காட்டுது, மெகர் எவ்வளவு காட்டுது' என்று மூன்றைக் கேளுங்கள். முதல் கேள்விக்கு இடத்தையும் மற்ற இரண்டுக்கும் எண்ணையும் பதிலாகச் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.